ருஷ்ய ஆட்சியாளரைப் படிக்கும் முறை

ருஷ்ய நாட்டின் அண்மைக்கால ஆட்சியாளர்களைப் பற்றித் தேர்வெழுத வேண்டிய மாணவரை அச்சுறுத்துவது அந்நாட்டின் பெரும்பரப்பும் அன்று, அதன் கடுங்குளிரும் அன்று. பெயர்களே அவரை அச்சுறுத்துகின்றன. இரண்டாம் அலெக்சாந்தர், மூன்றாம் அலெக்சாந்தர், இரண்டாம் நிக்கலஸ் என்னும் மூன்று ஜார் மன்னர்கள். பிறகு கெரென்ஸ்கி, லெனின், ஸ்டாலின், மாலென்கோவ், குருஷ்சேவ், பிரெஷ்னேவ், ஆந்திரபோவ், செர்னென்கோ, கோர்பசேவ். அதற்குப் பிறகு எல்த்சின், புதின், மெத்வெதேவ். நாவில் எளிதில் நிற்காத இப்பெயர்களை ஆண்டுகளோடு சேர்த்து நெட்டுருச் செய்யும் பிள்ளை, தேர்வு மண்டபத்தில் ஒரு கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியையும் இழந்துவிடுகிறது.

தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில், பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் நான். இப்பாடம் நம் பிள்ளைகளுக்குப் பல படிகளில் எதிர்ப்படுகிறது. பத்தாம் வகுப்பில் முதல் உலகப்போரைப் பற்றிய பாடத்திலேயே ருஷ்யப் புரட்சி வந்துவிடுகிறது. கல்லூரியில் வரலாறு பயில்வோர் அதனை விரிவாகப் படிக்கின்றனர். இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுப்போர், 1917 முதல் 1921 வரையிலான புரட்சியையும், 1985 முதல் 1991 வரையிலான சோவியத் வீழ்ச்சியையும் காரண காரியத்தோடு எழுத வேண்டியவர்களாகின்றனர். இவர்களில் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு மலையேறும் பெற்றோரின் மக்கள். திராட்சைப் பந்தலிலும் நெல்வயலிலும் கூலி வேலை செய்வோரின் மக்கள். அவர்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதிக்கும் முதல் தலைமுறை அவர்களே. ஒரு தேர்வின் மதிப்பெண் அவர்கள் குடும்பத்தின் போக்கையே மாற்ற வல்லது. ஆகையால் இப்பாடத்தை எவ்வாறு படித்தால் மறவாது நிற்கும் என்பதைச் சொல்ல விழைகிறேன்.

நான் சொல்லும் வழி எளியது. ஆட்சியாளர் ஒவ்வொருவரையும் ருஷ்யக் குடியானவர் ஒருவரின் முன் நிறுத்துங்கள். நிறுத்தி மூன்று வினாக்களைக் கேளுங்கள். இவர் ஆட்சியில் நிலம் யார் கையில் இருந்தது? விளைந்த தானியம் யார் கைக்குப் போயிற்று? குடியானவர் தம் ஊரைவிட்டு விரும்பிய இடத்திற்குச் செல்ல உரிமை இருந்ததா? அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் நெடுங்காலம் உழவர்களே. ஆதலின் இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்டவர், அந்நாட்டின் அரசியலில் பெரும்பகுதிக்கும் விடை கண்டவராவார். உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இவ்வினாக்களை எவரும் கற்றுத்தர வேண்டுவதில்லை. போடிநாயக்கனூர், கண்டமனூர், எரசக்கநாயக்கனூர் ஆகிய ஜமீன்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த மண் இது. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் ஜமீன் முறை ஒழிந்த செய்தியை நம் முதியோர் அறிவர்.

முதலில் இரண்டாம் அலெக்சாந்தரை எடுத்துக்கொள்வோம். அவர் 1855இல் அரியணை ஏறியபோது ருஷ்யக் குடியானவரில் பெரும் பகுதியினர் பண்ணையடிமைகள். நம் ஜமீன் குடியானவர் வரியும் வாரமும் செலுத்திய குடிகள். ருஷ்யப் பண்ணையடிமையோ நிலக்கிழாரின் உடைமை போன்றவர். விற்கவும் அடகு வைக்கவும் கூட அவர் உட்பட்டார். இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. கிரிமியப் போரில் தோற்ற ஜார், அடிமை முறையை வைத்துக்கொண்டு வலிய அரசாக விளங்க இயலாது என்று உணர்ந்தார். 1861ஆம் ஆண்டில் விடுதலைச் சாசனம் பிறந்தது. தனியார் பண்ணைகளில் இருந்த ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் பேர் விடுதலை பெற்றனர்.

இங்கே முதல் வினாவைக் கேளுங்கள். நிலம் இலவசமாகக் கிடைத்ததா? இல்லை. அரசாங்கம் நிலக்கிழாருக்கு ஈட்டுத் தொகை கொடுத்தது. அதனைக் குடியானவர் 49 ஆண்டுத் தவணையில் வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டும் என்றது. அத்தவணைக்கு 'மிர்' எனப்படும் கிராமச் சமுதாயம் கூட்டுப்பொறுப்பு ஏற்றது. ஒருவர் ஓடிப்போனால் மற்றவர் கட்டவேண்டும். எனவே எவரையும் எளிதில் ஊரைவிட்டுப் போகவிடவில்லை. வெளியூர் செல்லக் கிராமத்தின் இசைவும் வழிச்சீட்டும் வேண்டும். ஆக, கால்விலங்கு கழன்றது. கடன் விலங்கு பூட்டப்பட்டது. 'விடுதலை அளித்த ஜார்' என்று பெயர் பெற்ற அம்மன்னர் 1881இல் புரட்சியாளர் எறிந்த குண்டினால் மாண்டார். விடுதலை தந்தவரை ஏன் கொன்றனர் என்று வினாத்தாள் கேட்குமாயின், அரைகுறையான அவ்விடுதலையை விடையின் தொடக்கமாகக் கொள்ளலாம்.

மகனான மூன்றாம் அலெக்சாந்தர் 1881 முதல் 1894 வரை ஆண்டார். தந்தையின் சீர்திருத்தங்களைச் சுருக்கியவர் என்று இவரை நினைவில் வைத்தால் போதும். 1889இல் நிலத் தலைவர் என்னும் அதிகாரிகளை நியமித்துக் குடியானவர்களை அவர்களுடைய அடக்குமுறைக்கு உட்படுத்தினார். 1891, 1892ஆம் ஆண்டுகளில் பெரும் பஞ்சம் வந்தது. பஞ்சம் தலைகாட்டிய வேளையிலும் தானிய ஏற்றுமதி உடனே நிற்கவில்லை. அந்நியச் செலாவணி அரசுக்குத் தேவைப்பட்டது. இரண்டாம் வினாவின் விடை இது. இதனைப் படிக்கையில் நம் நாட்டின் 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சத்தை எண்ணிப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோதும் இந்தியத் தானியம் கப்பலேறிற்று. அப்பஞ்சத்தின் பின்னரே பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் திட்டம் விரைவு பெற்றது. 1886இல் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அப்போது ருஷ்யாவில் ஆண்டவர் மூன்றாம் அலெக்சாந்தரே.

1895ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டபோது, கடைசி ஜாரான இரண்டாம் நிக்கலஸ் அரியணை ஏறி ஓராண்டு நிறையவில்லை. பென்னிகுவிக்கின் பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இடும் நம் ஊர் மக்களுக்கு இந்த ஆண்டு மறக்காது. அதனோடு 1894ஐ இணைத்துக்கொண்டால் நிக்கலசும் மறக்கமாட்டார். இவர் ஆட்சியில் 1905ஆம் ஆண்டு ஜனவரியில் தலைநகரில் மனுக் கொடுக்க ஊர்வலமாக வந்த தொழிலாளர் சுடப்பட்டனர். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது; கிராமங்களில் பண்ணை மாளிகைகள் எரிந்தன. அஞ்சிய ஜார், டூமா என்னும் சட்டமன்றத்துக்கு இசைந்தார். 1861 முதல் கட்டிவந்த நிலத்தவணை 1907ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நீக்கப்பட்டது. தலைமையமைச்சர் ஸ்தொலிபின், குடியானவர் கிராமச் சமுதாயத்தினின்று பிரிந்து தம் பங்கைத் தனி நிலமாக்கிக்கொள்ள 1906இல் வழிசெய்தார். தன் நிலம் உடைய உழவன் கிளர்ச்சியில் இறங்கமாட்டான் என்பது அவர் கணக்கு. 1911இல் அவர் கொலையுண்டார். 1914இல் போர் வந்தது. அக்கணக்கு முடிவுறாமலே நின்றது.

1917ஆம் ஆண்டிற்கு வருவோம். இங்கே மாணவர் பலர் இடறுகின்றனர். பிப்ரவரிப் புரட்சி மார்ச்சில் நடந்தது என்றும், அக்டோபர்ப் புரட்சி நவம்பரில் நடந்தது என்றும் புத்தகம் சொல்லக் கண்டு திகைக்கின்றனர். திகைக்க வேண்டுவதில்லை. ருஷ்யா பழைய ஜூலியன் பஞ்சாங்கத்தைப் பின்பற்றிற்று. அது நாம் இன்று வழங்கும் கணக்குக்கு 19ஆம் நூற்றாண்டில் 12 நாளும், 20ஆம் நூற்றாண்டில் 13 நாளும் பின்தங்கியது. ஒரே நாளுக்கு ஆடி மாதத் தேதி ஒன்றும் ஜூலை மாதத் தேதி ஒன்றும் இருப்பதை அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இதில் வியப்பு இல்லை. குமுளி மலைக்கு அப்பால் உள்ளோர் விஷுவை நம் சித்திரைப் பிறப்புக்கு மறுநாள் கொண்டாடும் ஆண்டுகளும் உண்டல்லவா? ஆகவே பழைய கணக்கில் அக்டோபர் 25 என்பது புதிய கணக்கில் நவம்பர் 7. லெனினுடைய அரசு 1918இல் பஞ்சாங்கத்தை மாற்றியபோது, ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 ஆயிற்று. விடைத்தாளில் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு முறை குறிப்பிட்டுவிட்டால் குழப்பம் இல்லை.

மார்ச்சில் ஜார் முடி துறந்தார். அந்தச் செய்தி அப்போது புதுச்சேரியில் இருந்த பாரதியாரையும் எட்டிற்று. 'புதிய ருஷ்யா' என்னும் பாடல் அதன் பயன். கெரென்ஸ்கி முதலியோரின் இடைக்கால அரசு போரை நிறுத்தவில்லை; நிலப் பிரச்சினையையும் பின்னர்ப் பார்ப்போம் என்று தள்ளிவைத்தது. எட்டே மாதத்தில் அது கவிழ்ந்தது. மூன்று வினாக்களில் முதலாவதற்கு விடை தராத அரசு என்று அதனைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லெனின் ஆட்சியைக் கைப்பற்றிய மறுநாளே நிலம் பற்றிய ஆணையை வெளியிட்டார். நிலக்கிழாரின் உடைமை ஈடின்றி ஒழிந்தது. நிலம் உழவரிடையே பங்கிடப்பட்டது. பழைய வழிச்சீட்டு முறையும் மறைந்தது. ஆயினும் உள்நாட்டுப் போர் மூண்டது. படைக்கும் நகரத்துக்கும் உணவு வேண்டி, ஆயுதந்தாங்கிய குழுக்கள் கிராமங்களில் தானியத்தைப் பறித்தன. நிலம் குடியானவருடையது, தானியம் அரசினுடையது என்றாயிற்று. உழவர் விதைப்பைக் குறைத்தனர். வறட்சியும் சேர்ந்தது. 1921, 1922ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் மாண்டனர். கிரோன்ஷ்டாட் கடற்படை வீரர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1921 மார்ச்சில் லெனின் தம் போக்கை மாற்றிப் புதிய பொருளாதாரக் கொள்கையைக் கொணர்ந்தார். பறிமுதல் நின்றது; வரி போக எஞ்சியதை உழவர் சந்தையில் விற்கலாம் என்றாயிற்று. 1924 ஜனவரியில் லெனின் மறைந்தார்.

ஸ்டாலினைப் பற்றி எழுதுகையில் நம் மாணவர் மிக்க நிதானத்தோடு எழுதவேண்டும். தமிழ்நாட்டில் அன்போடு வழங்கப்படும் பெயர் அது. 2021இல் தமிழக முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மு. க. ஸ்டாலின் 1953 மார்ச் 1ஆம் நாள் பிறந்தவர். அதே மாதம் 5ஆம் நாள் சோவியத் தலைவர் மறைந்தார். அம்மறைவின் ஆண்டை நினைவிற்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை. பெயரின்மேல் அன்பு இருக்கலாம். விடைத்தாளில் வேண்டுவது எடைபோடுதல். ஒரு தட்டில் 1928இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டங்களையும், அவை எழுப்பிய தொழிற்சாலைகளையும், 2 கோடியே 70 லட்சம் உயிர்களைப் பலிகொடுத்து நாசி ஜெர்மனியை வென்ற போரையும் வையுங்கள். மறு தட்டில் நம் மூன்று வினாக்களின் விடையை வையுங்கள். 1929 முதல் குடியானவரின் நிலமும் மாடும் கூட்டுப்பண்ணைக்கு எடுக்கப்பட்டன. மறுத்தவர் குலக்குகள், அதாவது பணக்கார உழவர், என்று பெயரிடப்பட்டு நாடு கடத்தப்பட்டனர். தானியம் இலக்கு வைத்துப் பறிக்கப்பட்டது, ஏற்றுமதியும் நடந்தது. 1932, 1933ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் உக்ரேன், கசகஸ்தான் முதலிய பகுதிகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். 1932 ஆகஸ்டில் பிறந்த சட்டத்தின்படி, கூட்டுப்பண்ணை வயலில் கதிர் பொறுக்கியவரும் தண்டனை பெற்றனர். நம் பள்ளத்தாக்கில் அறுப்பு முடிந்த வயலில் உதிர்ந்த கதிரைப் பொறுக்கும் ஏழைப் பெண்ணை யாரும் கள்வர் என்று சொல்வதில்லை. இந்த ஒப்புமை அச்சட்டத்தின் கொடுமையைப் பத்து வரி விளக்கத்தைவிடத் தெளிவாக்கும்.

மூன்றாம் வினாவை இங்கே அழுத்திக் கேட்கவேண்டும். 1932 டிசம்பரில் உள்நாட்டு வழிச்சீட்டு முறை மீண்டும் வந்தது. நகரத்தார்க்கு அது வழங்கப்பட்டது. கூட்டுப்பண்ணைக் குடியானவர்க்குப் பொதுவாக வழங்கப்படவில்லை. சீட்டு இல்லாதவர் நகரத்தில் குடியேற இயலாது. இதன் பொருள் என்ன என்பதை நம் பகுதி மக்கள் நன்கறிவர். குற்றப் பரம்பரைச் சட்டம், அதாவது ரேகைச் சட்டம், மதுரைச் சீமையிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் பிறமலைக் கள்ளர் மீது ஏவப்பட்ட காலத்தில், ஆடவர் இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். அதனை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீசார் சுட்டனர். பலர் உயிர் துறந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீங்கியது. ருஷ்யக் கூட்டுப்பண்ணைக் குடியானவர் அனைவர்க்கும் வழிச்சீட்டு வழங்கும் ஆணை 1974இல்தான் வந்தது. இரண்டும் ஒன்றல்ல: ஒன்று அந்நிய அரசு ஒரு சாதியார்மேல் சுமத்தியது, மற்றொன்று உழவர் பெயரால் ஆண்ட அரசு உழவர்மேல் சுமத்தியது. ஆனால் சீட்டில்லாதவன் ஊரைவிட்டு அசையமுடியாத நிலை என்ன என்பதைப் பாட்டன் வாய்மொழியால் கேட்ட பிள்ளைக்கு, 1932 வெறும் எண்ணாக நிற்காது.

ஸ்டாலினுக்குப் பின் மாலென்கோவ் சிலகாலம் முன்னின்றார். குருஷ்சேவ் அவரை முந்தினார். அதிகாரம் எங்கே இருந்தது என்பதை இங்கே தெளிந்துகொள்ளுதல் நலம். சோவியத் நாட்டில் பிரதமர் பதவியைவிடக் கட்சியின் செயலாளர் பதவியே வலியது. 1922இல் பொதுச் செயலாளரான ஸ்டாலினும், 1953இல் முதற் செயலாளரான குருஷ்சேவும் அவ்வழியே மேலேறினர். குருஷ்சேவ் 1955 நவம்பரில் புல்கானினுடன் சென்னைக்கு வந்தார். 1956 பிப்ரவரியில் கட்சி மாநாட்டில் ஸ்டாலினுடைய கொடுமைகளை எடுத்துரைத்தார். 1961இல் ககாரின் விண்ணில் பறந்ததும், 1962இல் சோவியத் உதவியோடு அமைந்த நெய்வேலி அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும், அவ்வாண்டே கியூபா நெருக்கடி எழுந்ததும் இவர் காலத்தில். உழவைப் பொறுத்தவரை, 1954இல் கசகஸ்தானிலும் மேற்குச் சைபீரியாவிலும் தரிசு நிலங்களை உழுவித்தார். முதலில் நன்கு விளைந்தது, 1963இல் பொய்த்தது. வெளிநாட்டுக் கோதுமையை வாங்க நேர்ந்தது. 1964 அக்டோபரில் அவர் பதவி இழந்தார்.

பிரெஷ்னேவ் 1964 முதல் 1982 வரை இருந்தார். கூட்டுப்பண்ணையாளர்க்கு உறுதியான மாதச் சம்பளம் 1966இல் வந்தது. ஆனால் விளைச்சல் பெருகவில்லை. குடும்பங்கள் தமக்கென வைத்திருந்த சிறு கொல்லைகள் விதைப்புப் பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கே. அவை தந்த விளைபொருளோ ஏறத்தாழக் காற்பங்கு. உழவர்க்கு உழைக்கத் தெரியாமல் இல்லை. கூட்டுப்பண்ணையில் உழைப்பின் பயன் அவர் கைக்கு வரவில்லை என்பதை இந்த ஒரு கணக்கு காட்டும். 1979இல் ஆப்கானிஸ்தான் போர் மூண்டது. ஆந்திரபோவும் செர்னென்கோவும் ஆளுக்கு ஏறத்தாழ ஓராண்டு காலமே இருந்து மறைந்தனர்.

1985 மார்ச்சில் வந்த கோர்பசேவ் உழவர் வீட்டுப் பிள்ளை. இளமையில் தந்தையோடு அறுவடை இயந்திரம் ஓட்டியவர். அவருடைய பாட்டனார் இருவரும் 1930களில் கைதானவர்கள். ஒருவர் கூட்டுப்பண்ணைத் தலைவராயிருந்தும் தப்பவில்லை. ஒளிவுமறைவின்மை, சீரமைப்பு என்ற இரு கொள்கைகளை அவர் ஏன் பற்றினார் என்பதற்கு இக்குடும்ப வரலாறும் ஒரு விளக்கம். 1986இல் செர்னோபில் விபத்து. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியோடு கூடங்குளம் அணுமின் நிலைய ஒப்பந்தம். 1991 ஆகஸ்டில் கவிழ்ப்பு முயற்சி. அவ்வாண்டு டிசம்பர் 25இல் அவர் விலகினார். சோவியத் ஒன்றியம் கலைந்தது. எல்த்சின் 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். மக்களின் சேமிப்புக் கரைந்தது. 1993ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் நிலத்தில் தனியுடைமையை ஒப்புக்கொண்டது. 1999ஆம் ஆண்டின் கடைசி நாளில் எல்த்சின் பதவி துறக்க, புதின் வந்தார். 2002ஆம் ஆண்டின் சட்டத்தால் விளைநிலத்தை விற்கவும் வாங்கவும் விரிவான வழி ஏற்பட்டது. 2008 முதல் 2012 வரை மெத்வெதேவ் குடியரசுத் தலைவர், புதின் பிரதமர். பின்னர்ப் புதினே மீண்டும் தலைவரானார். 2014இல் கிரிமியா சேர்த்துக்கொள்ளப்பட்டது. 2022 பிப்ரவரியில் உக்ரேன் மீது முழுப்போர் தொடங்கியது. ஒருகாலத்தில் கோதுமையை இறக்குமதி செய்த ருஷ்யா, உலகிற்கு மிகுதியாகக் கோதுமை விற்கும் நாடுகளின் முன்வரிசையில் இடம்பெற்றது. அக்கோதுமை இன்று பெரும் நிறுவனங்களின் நிலங்களிலும் மிகுதியாக விளைகிறது. இந்நிலையிலும் முதல் வினாவைக் கேட்கலாம்.

இனித் தேர்வுக்குப் படிப்போர் செய்யவேண்டியது ஒன்றே. ஒரு தாளில் ஆட்சியாளர் பெயர்களை மேலிருந்து கீழாக எழுதுங்கள். எதிரே நிலம், தானியம், வழிச்சீட்டு என்று மூன்று கட்டங்கள் வரையுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு நிரப்புங்கள். நிரம்பாத கட்டத்துக்கு மட்டும் புத்தகத்தைத் திறவுங்கள். விடை எழுதுகையில் முதலில் காரணத்தையும், அடுத்து நிகழ்ச்சியையும், பின்னர் விளைவையும் எழுதுங்கள். புகழ்ச்சியும் வசையும் மதிப்பெண் தருவதில்லை. ஆண்டும் எண்ணும் காரணமும் தரும். ஒரு பெயர் மறந்துபோனாலும் கவலையில்லை. அவ்வாண்டில் குடியானவரின் நிலை என்ன என்பது நினைவிருந்தால், அந்நிலையை உண்டாக்கியவர் யார் என்பது தானே நினைவுக்கு வரும்.

ஏலத்தோட்டத்திலிருந்து தாய் திரும்பி வருமுன் விளக்கடியில் அமர்ந்து படிக்கும் பிள்ளைகளே, ஆட்சியாளரின் பெயர் பாடத்தின் தலைப்பு. அவர்களுடைய ஆட்சியைத் தாங்கியவர்கள் உங்கள் பெற்றோரைப்போல் மண்ணில் உழைத்தவர்கள். அவர்களை முன்னிறுத்தி எழுதுங்கள். உங்கள் விடை தெளிவாக அமையும்.